நூற்றுக்கு மூன்று

இருதயராஜ் அன்று காலை ஒரு ஸ்லைடைக் கீழே போட்டு உடைப்பதற்கு மூன்று முறை முயன்று, மூன்று முறையும் தோற்றுப்போனார்.

ஸ்லைடு என்றால் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தகடு, அவ்வளவுதான். அதன் நடுவில் முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு குழந்தையின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த ஒரு துளி மஜ்ஜை, வெளிறிய ஊதாக் கறையாக ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் தடவை தோள் உயரத்திலிருந்து விட்டார். வலது கை விட்டதை இடது கை பாய்ந்து பிடித்துக்கொண்டது. இரண்டாவது தடவை கண்ணை இறுக மூடிக்கொண்டு விட்டார். கால் தானாகவே நீண்டு, ஸ்லைடு செருப்பின் மேல் பஞ்சு போல இறங்கியது. மூன்றாவது தடவை சுவரைப் பார்த்து எறியக் கையை ஓங்கினார்; விரல்கள் திறக்க மாட்டேன் என்றுவிட்டன.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. முப்பத்தொன்பது வருஷம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர். நாலு லட்சம் ஸ்லைடாவது கையாண்டிருப்பார்; ஒன்றும் உடைந்ததில்லை. ஒரு முறை நில அதிர்ச்சி வந்து பாளையங்கோட்டையே வெளியே ஓடியபோது, இவர் இரண்டு தட்டு ஸ்லைடைத் தலைமேல் வைத்துக்கொண்டு மூன்று மாடி இறங்கி வந்தார். கீழே வந்து எண்ணிப் பார்த்தால் ஒன்று கூடுதலாக இருந்தது என்று பேச்சு. கண்ணும் அப்படித்தான். தாமிரபரணிப் பாலத்தில் நின்றுகொண்டு ஜங்ஷன் ரயில் நிலையக் கடிகாரத்தில் விநாடி முள்ளைப் பார்ப்பார். எழுபத்தாறு வயதாகியும் ஊசியில் நூல் கோக்க அக்கம்பக்கத்துப் பெண்கள் அவரிடம்தான் வருவார்கள்.

அப்படிப்பட்டவர் உடைக்கப் பார்த்தாரே என்றால், எல்லாம் தராசு செய்த வேலை.

அரசாங்கம் அதற்கு ‘பங்களிப்பு அளவி’ என்று பெயர் வைத்திருந்தது. ஜனங்கள் தராசு என்றார்கள். எந்தக் கண்டுபிடிப்பானாலும் அதன் குறிப்பேடு, கடிதம், தொலைபேசிப் பேச்சு, குப்பைக்கூடைப் பதிவேடு வரை தின்று செரித்து, எந்த யோசனை யார் தலையில் என்றைக்கு முளைத்தது என்று விழுக்காடு போட்டுச் சொல்லிவிடும். அது வந்த புதிதில் ஒரு துணைவேந்தர், தன் ஆய்வேட்டில் தன்னுடையது நன்றியுரை மட்டும்தான் என்று தெரிந்து, அன்றே இமயமலைக்குப் போனவர் திரும்பவில்லை. மீன் குழம்புப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய ஒரு அம்மாளின் குழம்பில் எழுபது விழுக்காடு அவர் நாத்தனாருடையது என்று சொல்லி ஒரு குடும்பத்தையே இரண்டாக்கியது. இப்போது 2068-இல், தராசு ஒப்பாமல் ஒரு விருதும் கிடையாது. பதிவுகளில் ஒரே ஒரு பொய் அகப்பட்டால் போதும், விருது ரத்து. பாடப் புத்தகத்திலிருந்தும் பெயர் போய்விடும்.

இன்று தராசில் ஏறப்போகிறவர் டாக்டர் ஆவுடைச்செல்வி. ரத்தப் புற்றுநோயை இந்த உலகத்தை விட்டே துரத்தியவர். அவருக்கு அரசின் வாழ்நாள் அறிவியல் விருது. நான்கு முறை வேண்டாம் என்றவர், எழுபத்தொன்பதாவது வயதில் ‘சரி, தொலையட்டும்’ என்று ஒப்புக்கொண்டிருந்தார். அவருக்கு இருபத்திரண்டு வருஷம் ஸ்லைடு பார்த்துக் கொடுத்தவர் இருதயராஜ். தராசு கேட்டிருந்த ஸ்லைடு எண் 1147, ஓய்வு பெற்ற அன்று அவர் ஞாபகத்துக்கு என்று எடுத்து வந்து மூக்குக் கண்ணாடிக் கூட்டில் வைத்திருந்தது. அதன் பதிவில் ஒரு பொய் இருந்தது. பொய்யை எழுதியவரும் இருதயராஜ்தான்.

வேறு வழியில்லாமல் கூட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

*

விழா நடந்த இடம் ஒரு கல்யாண மண்டபம். அந்த மண்டபம் முன்னாளில் அவர்களுடைய ஆஸ்பத்திரியாகவே இருந்தது. நோய் ஒழிந்த பிறகு கட்டடத்தை என்ன செய்வது என்று தெரியாமல் இப்படி ஆக்கிவிட்டார்கள். வார்டு இருந்த இடத்தில் பந்தி. மருந்துக்கடை இருந்த இடத்தில் மேளக்காரர்கள். ஸ்லைடு கூடம், மணமகள் அறை.

அந்த அறையில், சுற்றிலும் விளக்கு வைத்த அலங்காரக் கண்ணாடியின் முன்னால், டாக்டர் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தார்.

“வாரும் இருதயம். பொண்ணு ரூமுக்குள்ள நேரா நுழையுதீரே, பொண்ணு பாக்க வந்தீரோ?”

“பொண்ணுக்கு எழுபத்தொம்பது வயசுன்னு சொன்னாவ. எதுக்கும் ஒரு எட்டு பாத்துட்டுப் போவோம்னு வந்தேன், டாக்டரம்மா.”

டாக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அந்தக் காலத்தில் இரண்டு வார்டு தள்ளி இருக்கிற குழந்தை எழுந்து உட்காரும்.

இருதயராஜ் அறையைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னலோரம் அவருடைய மைக்ராஸ்கோப் இருந்த இடத்தில் ஒரு பூத்தட்டு. ஆனால் மூலையிலிருந்த கை கழுவும் தொட்டி அப்படியே இருந்தது. அதன் அடியில் ஊதாக் கறை. அவர் தினமும் சாயம் ஊற்றிக் கழுவிய கறை. மண்டபத்துக்காரர் உலகத்தில் உள்ள அத்தனை ஆசிட்டையும் ஊற்றிப் பார்த்துத் தோற்றுப்போய், ‘ராசியான கறை’ என்று மணப்பெண் வீட்டாரிடம் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

“போகலை பாத்தீயளா,” என்றார் இருதயராஜ்.

“ஒம்ம சாயம் போகுமா? என் வெள்ளைக் கோட்டே ஒண்ணும் வெள்ளையா இருந்ததில்ல.” டாக்டர் குரலைத் தாழ்த்தினார். “அது கெடக்கட்டும். கொண்டாந்தீரா?”

“கொண்டாந்தேன்.”

“எங்கயாவது தொலைச்சிருக்கக் கூடாதா வே? கை தவறி விழுந்திருக்கக் கூடாதா?”

“விழ மாட்டேங்குதே! காலைல மூணு தடவ...” என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “வந்து... கை நடுக்கம், டாக்டரம்மா. வயசாச்சுல்லா.”

டாக்டர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கையை நீட்டினார். “குடும். ஒரு தடவ பாத்துக்கிடுதேன்.”

ஸ்லைடை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்தார். தொட்டிக்கு மேலே கொண்டுபோனார். விரல்களை விரித்தார். அது தொட்டியின் விளிம்பைத் தொடுவதற்கு ஒரு நூல் இடைவெளியில் இருதயராஜின் கை புகுந்து பிடித்துவிட்டது.

“கவனம் டாக்டரம்மா! போயிருக்குமே!”

“நீரு எதுக்குவே பிடிச்சீரு?” டாக்டருக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

பாவம், என்று நினைத்துக்கொண்டார் இருதயராஜ். டாக்டர் எதற்குப் பயப்படுகிறார் என்பது தனக்குத் தெரியும் என்று அவர் நம்பினார். முப்பத்தேழு வருஷமாக நம்பி வந்தார்.

*

சங்கதி இதுதான். ரத்தப் புற்று என்பது வெள்ளை அணுக்கள் பெரியவர்களாகாமல் குழந்தைகளாகவே நின்று, பெருகிப் பெருகி வீட்டை நிரப்பிவிடுகிற நோய். அவற்றைக் கொல்லுகிற கடும் மருந்துகள் அப்போதும் இருந்தன. டாக்டர் கண்டுபிடித்த மருந்து கொல்லாது. வளரச் சொல்லும். 2031-இல் அதைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். விதி ஒன்று: இருபத்தெட்டாம் நாள் மஜ்ஜையை எடுத்து எண்ண வேண்டும். நூற்றுக்கு ஐந்தோ அதற்கு மேலோ வளராத அணுக்கள் இருந்தால் புது மருந்தை நிறுத்திவிட்டுக் கடும் மருந்துக்கு மாற்ற வேண்டும்.

எண்ணுவதற்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். இருதயராஜ் தனியாக, டாக்டர் தனியாக எண்ணி, ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, ஒரு காலி ஊறுகாய் ஜாடியில் போட வேண்டும். ஒருவர் சீட்டை ஒருவர் பார்க்கக் கூடாது. பதிவு கிளார்க் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துப் பேரேட்டில் எழுதிவிட்டுச் சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிடுவார்.

மகிழினி என்று ஏழு வயதுப் பெண். சிறுநீரகம் பழுதாகிக் கடும் மருந்தைத் தாங்காத உடம்பு. புது மருந்தை நிறுத்தினால் வீட்டுக்குக் கூட்டிப் போய்க் காத்திருக்க வேண்டியதுதான். அவளுடைய ஸ்லைடை, அந்த 1147-ஐ, இருதயராஜ் மூன்று முறை எண்ணினார். மூன்று முறையும் நூற்றுக்கு ஆறு. ஜன்னலுக்கு வெளியே அந்தப் பெண், உப்புமாவில் இருக்கிற கடுகை எண்ணிக் கொண்டிருந்தாள். ‘மாமா, நானும் உங்கள மாதிரி எண்ணுதேன்’ என்றாள்.

இருதயராஜ் கணக்குப் போட்டார். டாக்டரம்மா அரிச்சந்திரனுக்கு அக்கா. ஆறு என்றுதான் எழுதுவார். நான் நாலு என்று எழுதினால் சராசரி ஐந்து, மருந்து நின்றுவிடும். மூன்று எழுதினால் நாலரை. தப்பித்தோம். தேவைக்கு மேல் ஒரு பொய் கூட வேண்டாம் என்று, மூன்று என்று எழுதி ஜாடியில் போட்டார்.

பேரேட்டில் வந்த சராசரி மூன்று.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் டாக்டரம்மா எண்ணியதும் மூன்றா? ஐயோ, இவ்வளவு பெரிய மனுஷிக்குக் கண் அவிந்துபோய்விட்டதே! அன்றிலிருந்து ‘கண்ணாடிய மாத்துங்க டாக்டரம்மா’ என்று வாரம் ஒரு முறை சொல்ல ஆரம்பித்தார். வேடிக்கை என்னவென்றால் அவரும் ‘நீரு மொதல்ல மாத்தும்’ என்று திருப்பிச் சொல்ல ஆரம்பித்தார். கூடத்தில் மற்றவர்களுக்கு இது நித்திய வேடிக்கை.

நாற்பத்தோராம் நாள் மகிழினியின் மஜ்ஜையில் வளராத அணு ஒன்றுகூட இல்லை. அடுத்த வாரம் டாக்டர் விதியை மாற்றினார். இனி எல்லோருக்கும் ஆறு வாரம் பொறுக்க வேண்டும், மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யும் என்றார். எப்படித் தெரியும் என்று உலகமே கேட்டது. “தோணுச்சு,” என்றார். அந்த ஆறு வாரம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. பிழைக்காத குழந்தைகள் பிழைத்தார்கள். பிறகு நோயே போய்விட்டது.

ஆறு மூன்றாகத் தெரிந்த கண்ணை வைத்துக்கொண்டு, ஒரு தடயமும் இல்லாமல், அந்த அம்மாள் வெறும் மூளையால் பாய்ந்து பிடித்தாரே! இருதயராஜுக்கு அது பெரிய அதிசயம். அந்த அதிசயத்தின் அடியில் தன் பொய் ஒன்று கிடக்கிறதே என்பதுதான் அவருக்குப் பாரம். டாக்டருக்கோ, தன் கண் தவறியது வெளியாகிவிடுமே என்றுதான் பயம் என்று நினைத்தார்.

*

மண்டபம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் மகிழினி. இப்போது நாற்பத்து நான்கு வயது. நெல்லையிலிருந்து கொழும்புக்கு வான்பேருந்து ஓட்டுகிறவர். சீருடையோடு வந்து, பேருந்தைப் பந்தலுக்கு மேல் நிறுத்தியதில் வாழைமரம் இரண்டு சாய்ந்திருந்தன.

தராசு அதிகாரி முகில்வாணன் மேடையேறினார். நல்ல பிள்ளைதான்; அதிகாரி என்பதால் முகத்தை இறுக்கமாக வைத்திருந்தார்.

“எல்லா யோசனைக்கும் தராசு ஒரு மூலத்தைக் கண்டுபிடிச்சிரும். மருந்தோட யோசனை டாக்டரோடது, சுத்தமா இருக்கு. ஆனா ஆறு வாரம்ங்கிற யோசனைக்கு மட்டும் மூலமே கிடைக்கல. இருபத்தெட்டாம் நாள் மூணு, நாப்பத்தோராம் நாள் பூஜ்யம். மூணுன்னாலே குணமானதா அர்த்தம். இதைப் பார்த்து, மருந்து மெதுவா வேலை செய்யுதுன்னு யாருக்கும் தோணாது. அதனால தராசு அந்த ஸ்லைடைத் தானே எண்ணிப் பார்க்கணும்னு கேட்குது.”

“தோணுச்சுன்னு சொன்னேன்லா?” என்றார் டாக்டர்.

“தோணுச்சுங்கிறதைத் தராசு ஏத்துக்காதும்மா.”

இருதயராஜ் மேடைக்கு வந்து கூட்டைத் திறந்தார். கடைசியாக ஒரு முறை விரல்களைத் தளர்த்திப் பார்த்தார். ம்ஹும். ஸ்லைடை அழகாகக் கருவியின் தட்டில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். அவருக்குப் பக்கத்தில் டாக்டர். இரண்டு பேரும் பரீட்சை முடிவு பார்க்க வந்தவர்கள் போல நின்றார்கள். இன்னும் ஒரு நிமிஷம். ஆறு என்று வரும். பாடப் புத்தகத்திலிருந்து ஆவுடைச்செல்வி என்ற பெயர் போய்விடும். நான்தான் போக வைத்தேன் என்று இருதயராஜ் நினைத்துக்கொண்டார்.

தராசு ஐந்நூறு அணுக்களை ஐந்து விநாடியில் எண்ணியது. திரையில் எழுத்து வந்தது.

வளராத அணுக்கள்: நூற்றுக்கு மூன்று.

முகில்வாணன் முகம் மலர்ந்தது. “பதிவு சரியா இருக்கு! தராசு ஒத்துக்...”

“ஆறு!”

அப்படிக் கத்தியது இருதயராஜ். கத்த வேண்டும் என்று அவர் நினைக்கவேயில்லை. தப்பாக எண்ணுகிற ஒருத்தனை முப்பத்தொன்பது வருஷம் சும்மா விட்டதில்லை. வாய் தானாகத் திறந்துவிட்டது. அது கூடப் பரவாயில்லை. அதே விநாடியில், அதே சொல்லை, அவர் பக்கத்திலிருந்தும் யாரோ கத்தியிருந்தார்கள்.

இருதயராஜ் திரும்பினார். டாக்டரும் திரும்பினார்.

“ஆறா?” என்றார் டாக்டர். “ஒமக்கு எப்பிடி வே தெரியும்? நீரு மூணுல்லா எழுதினீரு!”

“நீங்க மூணுல்லா எழுதுனிய!”

“நான் எண்ணினது ஆறு. நீரு நேர்மையான ஆளு, ஆறுன்னுதான் போடுவீருன்னு...”

“மூணு போட்டா நாலரைன்னு...”

“நாலு போட்டா சரியா அஞ்சாயிரும்னு...”

இரண்டு பேரும் நிறுத்திக்கொண்டார்கள். முப்பத்தேழு வருஷம் ஒருவரை ஒருவர் குருடர் என்று நினைத்து, காட்டிக்கொடுக்காமல் இருந்தவர்கள். டாக்டர் முதலில் சிரித்தார். பிறகு இருதயராஜ். மேடை ஆடியது, ஒலிபெருக்கி ஒன்று கீழே விழுந்தது.

“அப்ப அந்த ஆறு வாரம்?” என்றார் இருதயராஜ், கண்ணைத் துடைத்தபடி. “மூளையால பாஞ்சு பிடிச்சீயன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேனே!”

“மூளையாவது! இருபத்தெட்டுல ஆறு, நாப்பத்தொண்ணுல ஒண்ணுமில்ல. மருந்து மெதுவா வேலை செய்யுதுன்னு கண்ணால பாத்தேன் வே. வெளிய சொல்ல முடியல.”

முகில்வாணன் திகைத்துப்போய் நின்றார். “அப்ப தராசு ஏன் மூணுன்னு...?”

“சாயம் வெளுத்துட்டு, தம்பி,” என்றார் இருதயராஜ். “நீலம் போயிட்டுன்னா எளசு எது, முத்தினது எதுன்னு அதுக்குத் தெரியாது. அது மேல தப்பில்ல.”

அப்போது முன்வரிசையிலிருந்து மகிழினி எழுந்தார். சிரிக்கவில்லை.

“டாக்டரம்மா. அது பலிக்காம போயிருந்தா?”

பந்தியில் கரண்டிச் சத்தம் நின்றது.

“போயிருந்தா நீ பன்னெண்டாவது பிள்ள,” என்றார் டாக்டர். “ஒனக்கு முன்னால பதினோரு பேரு. அந்தோணி, இசக்கித்தாய், சின்னத் துரை... எல்லாருக்கும் நானும் இவரும் நேர்மையா எண்ணினோம். ஆறு, எட்டு, ஆறு, ஏழு. நேர்மையா மருந்த நிறுத்தினோம். இன்னும் ரெண்டு வாரம் குடுத்திருந்தா அதுல எத்தன பிள்ள பிழைச்சிருக்கும்னு நான் எண்ணாத நாளில்ல. அதனாலதான் நாலு தடவ விருது வேண்டாம்னேன். ஒனக்காகப் பொய் சொன்னதுல எனக்கு வெக்கமில்ல, மகிழினி. ஒன்ன வச்சு சூதாடினதுக்கு மன்னிப்புக் கேக்கணும். கேக்குதேன்.”

இருதயராஜுக்கு அந்தப் பதினோரு பேரின் ஸ்லைடு எண்களும் மனப்பாடம். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மகிழினி மேடைக்கு வந்தார். ஸ்லைடை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“இதுல நான் எங்க இருக்கேன், மாமா?”

“அந்த ஓரத்துல வால் மாதிரி மெலிசா இருக்குல்லா தாயி. அங்கனதான் எண்ணுவோம்.”

“கை தவறி விட்டுருவேனோன்னு இருக்கு, மாமா.”

“நீ விட்டாலும் நான் விட மாட்டேன்,” என்றார் இருதயராஜ்.

திரையில் தராசு வெகுநேரம் யோசித்தது. இந்த மாதிரி ஒரு சங்கதியை அது தின்றதேயில்லை. கடைசியில் எழுதியது: ஆறு வாரம் என்ற யோசனையின் மூலம், இரண்டு பொய்கள். பங்கு, சரிபாதி. அதன் கீழே, விதிப்படி, விருது ரத்து. பாடப் புத்தகத்திலிருந்து பெயர் நீக்கம். முகில்வாணன் அதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார். டாக்டர்தான் எட்டிப் பார்த்துப் படித்துக் கொடுத்தார்.

*

கல்யாண மண்டபம் என்பதால் சாப்பாடு தயாராக இருந்தது. விருது இல்லாவிட்டாலும் ஒருவரும் எழுந்து போகவில்லை.

ஒரு காலத்தில் மகிழினியின் கட்டில் இருந்த இடத்தில் மூன்று பேருக்கும் இலை போட்டார்கள். பக்கத்து இலையில் முகில்வாணன், தலையைத் தூக்காமல்.

சாம்பார் வந்தபோது டாக்டர் மெதுவாகக் கேட்டார். “நூத்துக்கு ஆறு சரி. ஐந்நூறுல ஒமக்கு எத்தன வந்துச்சு?”

“முப்பத்தொண்ணு.”

“முப்பத்திரண்டு வே.”

“முப்பத்தொண்ணு, டாக்டரம்மா. மூணு தடவ எண்ணினேன்.”

“நான் நாலு தடவ எண்ணினேன்.”

“கண்ணாடிய மாத்துங்கன்னு அப்பவே சொன்னேன்.”

மகிழினி சாதத்தைப் பிசைவதை நிறுத்தினார். “மறுபடி சாயம் போட்டா எண்ணலாமா?”

“போடலாமே! நான் போட்டா முப்பத்தேழு வருஷ நீலமும் திரும்பி வரும்.”

“மைக்ராஸ்கோப்புக்கு எங்க போறது? இப்ப எவன் வச்சிருக்கான்?” என்றார் டாக்டர்.

முகில்வாணன் முதல் முறையாகத் தலையைத் தூக்கினார். “அருங்காட்சியகத்துல ஒண்ணு இருக்கு. சாவி என்கிட்ட இருக்கு. ஆனா இதைப் பதிவுல ஏத்த முடியாது...”

“ஏத்தாண்டாம்,” என்றார்கள் இரண்டு பேரும்.

“பஸ்ஸு மேலதான் நிக்குது,” என்றார் மகிழினி.

பாயசத்துக்குக்கூட நிற்கவில்லை. டாக்டர் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் போனார். இருதயராஜ் போகிற வழியில் மணமகள் அறைக்குள் நுழைந்து, அந்த ஊதாத் தொட்டியில் கையைக் கழுவி, ஈரத்தை வேட்டியில் துடைத்தார். பிறகு ஸ்லைடை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியேறினார்.